முழுப் பாட்டு பதினெட்டு

மதன் தன் தங்கச்சி மஞ்சுவோடு பேச்சை நிறுத்திய அன்று டெல்லி திரிலோக்புரியில் மூன்றாவது நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. ஜூன் மாதம். காலை ஐந்தரை மணிக்கே மாடிப்படியின் இரும்புக் கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. முந்தின நாள் டேங்கரில் அடித்துப் பிடித்துக் கொண்டுவந்த தண்ணீரை அம்மா முத்தம்மா சொம்பு சொம்பாக அளந்து இட்லிப் பானையில் ஊற்றினாள். வாசலில் அப்பா பச்சைமுத்து குந்தியிருந்து தள்ளுவண்டியின் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தெருமுனையில் நின்ற ஆட்டோவிலிருந்து அந்தப் பாட்டு கேட்டது. ‘டக்கன் கோல் தியா ஜீ, டக்கன் கோல் தியா.’ மூடியைத் திறந்தாச்சு என்று அர்த்தம். பாடியது யாரோ ஒரு பஞ்சாபிப் பெண். அடியில் ஓடிய தாளம் அலுமினிய மூடியில் கரண்டியால் தட்டுகிற சத்தம்.

சட்னிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிய மதன் பாதிப் படியில் நின்றுவிட்டான். பாத்திரத்தைப் படியிலேயே வைத்துவிட்டு போனை எடுத்துத் தேடினான். பிறகு மேலே ஏறி வந்தான்.

மஞ்சு தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இது என்னா மஞ்சு?”

“எது?”

“பாட்டு. எழுத்து, இசை ரெண்டுலயும் ஒன் பேரு மட்டுந்தான் இருக்கு.”

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. “வார்த்த எல்லாம் நான் எழுதுனதுதான அண்ணா.”

“மெட்டு?”

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

“மெட்டு யாருதுன்னு கேக்கறன். மயூர் விஹார் ஃப்ளாட்டுங்கள்ல போயி எந்த ஆன்ட்டிய வேணா கேளு, அவங்க சொல்லுவாங்க.”

சொல்வார்கள்தான். பச்சைமுத்து கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு டெல்லி வந்து முப்பத்தைந்து வருஷம். முழங்கால் விட்டுப்போன பிறகு இட்லி வண்டி போட்டார். பன்னிரண்டு வருஷமாக அந்த வண்டியைத் தள்ளுவது மதன். காலை ஏழு மணிக்கு ஃப்ளாட்டுகளின் கேட்டில் வண்டியை நிறுத்தி, மூடியில் கரண்டியால் நாலு தட்டுத் தட்டி, அவன் பாட்டுக்கு இழுத்துப் பாடுவான்: டக்கன் கோல் தியா ஜீ. அதைக் கேட்டுத்தான் நாலாவது மாடியிலிருந்து கயிற்றில் பை இறங்கும். சாயங்காலங்களில் அவன் கல்யாணத்துக்கும், விடிய விடியச் சாமி பாட்டுப் பாடுகிற ஜாக்ரணுக்கும் டோலக் வாசிக்கப் போவான். தாளம் அவன் கையோடு பிறந்தது. மஞ்சுவுக்கு வாய்த்தது வார்த்தை. இந்தியில் எழுதினால் டெல்லிக்காரர்களே இவள் தமிழச்சி என்று நம்பமாட்டார்கள்.

“ஒன் பேரப் போட்டா அது அரைப் பாட்டா ஆயிடும், அண்ணா. எனக்கு முழுப் பாட்டு வேணும். என் கான்ட்ராக்டு அப்பிடி.”

“அச்சா. அப்ப நீ முழுசா இருக்கறதுக்கு நான் இல்லாமப் போவணும்.”

“நான் சொல்லலாம்னுதான் இருந்தன்.”

“எப்ப? ஊரே பாடி முடிச்ச பொறவா?”

முத்தம்மா குறுக்கே வந்தாள். “வெங்காயம் ஆவுட்டும். மணி ஆறாவப் போவுது. சண்ட எங்கியும் ஓடிடாது.”

மதன் இட்லிப் பானையைத் துணி சுற்றித் தூக்கினான். நானூறு இட்லி வேகிற பானை. வழக்கமாக மஞ்சு மறுபக்கம் பிடிப்பாள். அன்று அவள் எழுந்து கையை நீட்டியபோது, “தொடாத” என்றான். தனியாகவே இறக்கிக்கொண்டு போனான்.

பத்தரைக்குத் திரும்ப வேண்டிய வண்டி பன்னிரண்டுக்கு வந்தது. பாதி இட்லி அப்படியே இருந்தது. பச்சைமுத்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் சொன்னார்.

“பையன் இன்னிக்கி வாயே தொறக்கல. மொத கேட்டுல வழக்கம்போலப் பாடுனான். ஸ்கூல் போற ஒரு பொண்ணு, ‘அங்கிள், நீங்களும் ரீல் பாட்டு பாடுறீங்களா’ன்னு சிரிச்சிது. அதோட வுட்டுட்டான். வண்டி வந்ததே ஒருத்தருக்கும் தெரில.”

மஞ்சு உள்ளே கூலருக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றாத கூலர் வெறும் சூட்டைத்தான் வாரி இறைத்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் கையெழுத்துப் போட்ட நாளில் அந்த வீட்டில் கேசரி கிளறினார்கள். ஓக்லாவில் ஒரு கூரியர் கிடங்குக்கு மேலே மூன்றாவது மாடியில் ‘சுர்மாலா’ என்று ஒரு பாட்டுக் கம்பெனி. கல்யாண ஊர்வலம், கார், ரீல், எதற்கு வேண்டுமானாலும் அங்கிருந்து பாட்டு போகும். மாதாமாதம் சம்பளம் மாதிரி ஒரு தொகை. அதற்குப் பதிலாக மூன்று வருஷத்தில் அவள் பதினெட்டுப் பாட்டு தர வேண்டும். மாதத்துக்கு ஒன்றுகூட இல்லையே என்று மஞ்சு சிரித்தாள். முழுப் பாட்டு என்று எழுதியிருந்ததை அவள் படித்தாள். அந்த ‘முழு’வுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு விளக்கம் இருந்தது. அதையும் படித்தாள், ஆனால் உறைக்கவில்லை.

ஒருத்தரே எழுதினால் ஒரு பாட்டு. இரண்டு பேர் சேர்ந்தால் ஆளுக்கு அரை. ஐந்து பேர் என்றால் ஐந்தில் ஒன்று. கம்பெனி கேம்ப் என்று கூப்பிட்டால் போக வேண்டும். அறையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் சம பங்கு. பதினெட்டு நிரம்பாவிட்டால் மூன்று வருஷம் நாலாகும், நாலு ஐந்தாகும். நிரம்பும்வரை வெளியாருக்கு ஒரு வரி எழுதக்கூடாது, தன் பேரில் ஒரு பாட்டு போடக்கூடாது.

கேம்ப் என்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஏசி, இரண்டு சோபா, ஒரு கீபோர்டு. ஆறு பேரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். அதில் அர்விந்த் என்று ஒருவன் எப்போதும் இருப்பான். முதலாளிக்கு அக்கா மகன். சோபாவின் மூலையில் சாய்ந்து போன் பார்ப்பான். ‘நைஸ், நைஸ்’ என்பான். சாயங்காலம் ஷீட் வரும்போது அவன் பேரும் அதில் இருக்கும். ஷீட் என்பது யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுகிற தாள். நாலு வருஷத்தில் மஞ்சு நாற்பத்தாறு பாட்டில் கை வைத்திருந்தாள். கணக்கில் ஏறியது பன்னிரண்டே கால்.

தனியாக எழுதிக் கொடுத்தால் கம்பெனி எடுக்காது. நன்றாக இருக்கிறது, கேம்ப்பில் இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம் என்பார்கள். மெருகேற்ற ஐந்து பேர் வருவார்கள். ‘டக்கன்’ பாட்டை மட்டும்தான், கேட்ட மாத்திரத்தில், அப்படியே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஷீட்டை நீட்டிய அபூர்வா மேடம், “வேற யாராவது இருக்காளா இதுல?” என்று கேட்டாள். மஞ்சு பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினாள். “யாரும் இல்ல மேடம்” என்றாள்.

மதன் பேசாமல் ஒன்பது நாள் ஆயிற்று. அவள் பிசைந்த மாவில் சுட்ட ரொட்டியைக்கூட அவன் தொடவில்லை. பச்சைமுத்துவும் மகன் பக்கம் சாய்ந்துவிட்டார். “கூடப் பொறந்தவன் கிட்ட இருந்து எடுத்திருக்க. வெளியில எடுத்திருந்தா திருடின்னு சொல்லுவாங்க” என்றார். பத்தாம் நாள் மஞ்சு மெட்ரோ பிடித்து ஓக்லாவுக்குப் போனாள்.

அபூர்வா ஆர்.கே.புரத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா மத்திய சர்க்கார் அதிகாரி. கம்பெனியில் எழுத்தாளர்கள் எல்லாரையும் மேய்க்கிற வேலை அவளுடையது.

“உக்காரு மஞ்சு. குடிக்க நிம்பு பானி சொல்லட்டுமா?”

“வேணாம் மேடம். டக்கன் பாட்டுல ஒரு பேரு சேக்கணும். எங்க அண்ணன் பேரு. மெட்டு அவரோடது.”

அபூர்வா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். “நான் கேட்டேனே. உன் எதிர்ல உக்காந்து கேட்டேன். யாரும் இல்லேன்னு கையெழுத்துப் போட்ட.”

“தப்புதான்.”

“தப்புன்னு சொன்னா ஆச்சா? ஷீட்ல பொய் சொன்னேன்னு எழுத்துல குடுக்கறியா? குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? இந்தப் பாட்டு உன் கணக்குல இருந்து போயிடும். லீகல் உன்னைச் சும்மா விடமாட்டா. மொத்த கான்ட்ராக்ட்டையும் கிளறுவா.”

“அரையாவது இருக்கும்ல? எனக்கு அரை, அவருக்கு அரை.”

“அவர் எங்க ரைட்டரே இல்லையே. வெளி ஆளுக்கு நான் எப்படிப் பங்கு குடுப்பேன்?” அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். “பாரு, நானும் உன் பாஷை பேசறவதான், உனக்குக் கெடுதல் நினைப்பேனா? ஒரு வழி இருக்கு. அவரும் நம்மகிட்ட சைன் பண்ணட்டும். அப்போ பழைய ஷீட்ல எழுத்துப் பிழைன்னு போட்டு மாத்திடலாம். அவருக்கும் பேரு வரும்.”

“அவருக்கும் பதினெட்டா?”

“எல்லாருக்கும் பதினெட்டுதான்.”

“அந்த அரை அவரு கணக்குல ஏறுமா?”

“அது அவர் சைன் பண்றதுக்கு முன்னாடி வந்த பாட்டு. ஏறாது. பேர் வரும்.”

மஞ்சு எழுந்தாள். “அவரு வேணாம் மேடம். பேரும் வேணாம். நான் வந்ததையே மறந்துருங்க.”

அபூர்வா சிரித்தாள். “அதை நீ எப்படி முடிவு பண்ணுவ? போன தடவை அவருக்காக நீதான் முடிவு பண்ண. பார்த்தியா என்ன ஆச்சுன்னு.”

மஞ்சு வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மதனுக்குப் போன் வந்துவிட்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒப்பந்தப் படிவத்தில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கட்டத்தில் மஞ்சு எழுதியிருந்தது மதனின் நம்பர்.

மதன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். முகம் மாறியிருந்தது. ஒன்பது நாளைக்குப் பிறகு அவனே பேசினான், ஆனால் அம்மாவைப் பார்த்து.

“யம்மா, கம்பெனிலருந்து மேடம் கூப்புட்டாங்க. தமிழ்லயே பேசுனாங்க. பாட்டுல என் பேரப் போடறாங்களாம். எனுக்கும் கான்ட்ராக்டு குடுக்கறாங்களாம்.”

“அண்ணா, கையெழுத்து போடாத” என்றாள் மஞ்சு.

“யம்மா, அவள சும்மா இருக்கச் சொல்லு.”

“அண்ணா, கேளு. அது வேற மாதிரி. ஆறு பேரு கூட உக்கார வெச்சு, ஆறுல ஒண்ணுதான் குடுப்பாங்க. நாலு வருஷம் ஆச்சு, நான் பன்னெண்டுலதான் நிக்கறன். மாட்டிக்கினா சாதாரணமா வெளிய வர முடியாது.”

இப்போது அவன் திரும்பினான். “நீ நாலு வருஷமா அங்க ஏசில உக்காந்திருக்க. நான் இந்த வெயில்ல வண்டி தள்ளுறன். அப்ப எல்லாம் ஒருநாளாவது அது மோசமான எடம்னு சொன்னியா? எனுக்கு வருதுன்னதும் மோசமாப் போச்சா?”

“சொன்னா அம்மா கஷ்டப்படும்னு சொல்லல.”

“போதும் மஞ்சு. மெட்டையும் எடுத்துக்கின. இப்ப எடத்தையும் வுடமாட்டன்ற.”

முத்தம்மா பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். மத்தை நிறுத்தாமலே கேட்டாள்: “அவன் போனா வண்டிய யாருடா தள்ளுவாங்க? உங்கப்பனால கேட்டு வரைக்கும் வண்டி தள்ள முடியாது.”

“இவ தள்ளட்டும்” என்றான் மதன்.

மறுநாள் காலை மதன் ஓக்லாவுக்குப் போனான். பச்சைமுத்து வண்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டு மகளை நிமிர்ந்து பார்த்தார். மஞ்சு துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

வண்டி தள்ளுவது வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிகிற மாதிரி சுலபமாக இல்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் பானை ஒரு பக்கம் சாயும். அதை இடுப்பால் முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். மூடியைத் திறந்தால் ஆவி முழங்கை வரை வரும். முதல் வாரத்திலேயே அவள் வலது கை கொப்புளித்தது. சாம்பாரைப் பாலிதீன் பையில் ஊற்றி ரப்பர் பேண்டு போடுவதற்குள் பத்துப் பேர், ஜல்தி ஜல்தி என்பார்கள். அவளால் அந்தக் கூவலைக் கூவ முடியவில்லை. பச்சைமுத்து தன் கம்மின குரலில் ‘இட்லி, இட்லி’ என்று சொல்லிக்கொண்டு முன்னால் நொண்டி நொண்டி நடந்தார். பாட்டின் கீழே மதன் பேரும் வந்தது. பச்சைமுத்து கேட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் போனைக் காட்டினார். மஞ்சுவின் கணக்கு பதினொன்றே முக்காலுக்கு இறங்கியதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

மழை வந்து போயிற்று. யமுனைப் பக்கத்துக் கொசு ஊருக்குள் வந்தது. அக்டோபரில் ஒரு நாள் மஞ்சுவுக்குக் கேம்ப் என்று செய்தி வந்தது. வண்டியை முடித்து, குளித்து, மதியம் போனாள். அறைக்குள் ஐந்து பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் மதன்.

மடியில் டோலக்கோடு அவன் தரையில் சம்மணம் போட்டிருந்தான். அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மாதங்கி என்று ஒரு கீபோர்டுக்காரப் பெண், இரண்டு பஞ்சாபிப் பையன்கள், மூலையில் அர்விந்த்.

மதன் அன்று வாசித்த மாதிரி மஞ்சு கேட்டதே இல்லை. மூன்று மாதமாக அவன் கொண்டுவந்ததை எல்லாம் கம்பெனி தள்ளியிருந்தது. இன்று விடக்கூடாது என்று வந்தவன் மாதிரி அடித்தான். ஒரு தாளம் எடுத்து, அதைக் குறுக்கே ஒடித்து, ஒடித்த இடத்தில் ஒரு மெட்டை முணுமுணுத்தான். மாதங்கி அதைக் கீபோர்டில் பிடித்துக்கொண்டாள். பஞ்சாபிப் பையன்கள் வார்த்தை போட்டார்கள், சுமாரான வார்த்தைகள். மஞ்சுவுக்கு அந்த ஒடிந்த இடத்துக்கு ஒரு வரி வந்தது. நல்ல வரி. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால், ‘இதையும் எடுத்துக்கிறியா’ என்பது போல அவன் பார்ப்பான் என்று தோன்றிற்று. சொல்லவில்லை. நாலு மணி நேரம் அவள் வாயைத் திறக்கவேயில்லை.

ஐந்து மணிக்கு அபூர்வா ஷீட்டோடு வந்தாள். “பிரமாதம். இது எடுத்தாச்சுன்னு வெச்சுக்கோங்கோ. ஆறு பேர், ஆறுல ஒண்ணு.”

தாள் முதலில் மதனிடம் போயிற்று. அவன் விரலை வைத்து ஒவ்வொரு பேராகப் படித்தான். நெடுநேரம் படித்தான்.

“மேடம், இதுல ஒரு பேரு எடுக்கணும்.”

“யாரோடது?”

“மஞ்சு. அவங்க இன்னிக்கி ஒண்ணும் பண்ணல.”

அவங்க என்றான். அறையில் இருந்த மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. மாதங்கிக்கு மட்டும் தெரியும். அவள் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள். அர்விந்த் போனிலிருந்து தலையைத் தூக்கி, “நைஸ்?” என்று கேட்டான். அவனைப் பற்றிச் சொல்ல மதனுக்கு வாய் வரவில்லை. அவன் பக்கமே மதன் திரும்பவில்லை.

“ரூல்படி ரூம்ல இருந்தவா எல்லாருக்கும் உண்டு” என்றாள் அபூர்வா. “மஞ்சுவே வேண்டாம்னு எழுதிக் குடுத்தா எடுக்கலாம். என்ன மஞ்சு?”

மஞ்சு எழுந்துபோய்த் தாளை வாங்கினாள். “அவரு சொல்றது சரிதான். நான் ஒண்ணும் பண்ணல” என்றாள். தன் பேரின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்குத் தனித்தனியாக வந்தார்கள். அவள் முதலில் வந்து மறுநாளைக்கு அரிசி ஊறப்போட்டாள். முத்தம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். முத்தம்மா கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“நெசமாவே நீ ஒண்ணும் பண்ணலியா?”

“பண்ணல.”

“ஏன்?”

“பண்ணத் தோணல.”

“ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குப் போயி, ஒரே வேலைய செஞ்சி, ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கிறீங்க. வெளியாளு கைய கட்டிக்கினு பாக்கறான்” என்றாள் முத்தம்மா.

மதன் வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தான். வெளியே பட்டாசுப் புகையும் தூசியும் சேர்ந்து தெரு விளக்கு மஞ்சள் கறையாகத் தெரிந்தது. முத்தம்மா சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றினாள். இரண்டு கவளம் சாப்பிட்ட பிறகு அவன் சோற்றைப் பார்த்தபடியே கேட்டான்.

“அஞ்சுல ஒண்ணு. அப்ப எனுக்கு இன்னும் எத்தன?”

வீட்டில் வேறு யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

“பதினேழு முழுசு. அதுக்கு மேல அஞ்சுல நாலு” என்றாள் மஞ்சு.

“நாலு மாசத்துல அஞ்சுல ஒண்ணு.” அவன் விரல்கள் தட்டின் ஓரத்தில் மடங்கி மடங்கி விரிந்தன. கணக்கு எங்கே போய் நிற்கும் என்பது முகத்தில் தெரிந்தது. மதனுக்கு முப்பத்து மூன்று வயது. “அதுவரைக்கும் கல்யாணத்துல என் சொந்தப் பாட்ட வாசிக்கக் கூடாதுன்னு மேடம் சொல்றாங்க. நான் போட்ட மெட்டு எதுவும் வெளிய வரக்கூடாதாம். வண்டிலகூடக் கூவக் கூடாதாம். அது கம்பெனி மெட்டாம்.”

“ஆமா. மூணாவது பக்கத்துல இருக்கு.”

“மூணாவது பக்கம்.” அவன் சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினான். “மொதல்லியே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னன். இங்கதான், இதே எடத்துல நின்னு சொன்னன்.”

மதன் நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தான். ஜூன் மாதத்துக்குப் பிறகு அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்வையில் கோபம் அப்படியே இருந்தது, அதோடு பயமும் சேர்ந்திருந்தது.

“சொன்ன. என் பேர எடுத்த வாயால சொன்ன. அத நான் எப்பிடி நம்புவன்?”

மஞ்சுவும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, அவனுக்கு எதிரே இல்லாமல், கதவோரமாக உட்கார்ந்தாள். முத்தம்மா அவளுக்கும் சோறு போட்டாள். முத்தம்மாவும் தன் தட்டோடு உட்கார்ந்தாள். கீழே வாசலில் பச்சைமுத்து நாளைக்கான வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.